எல்லாம் தெரிந்தவர் (கதைமாந்தர் வகை)

எல்லாம் தெரிந்தவர் என்பது வரைகதைகளிலும் இயங்குபடங்களிலும் அடிக்கடி காணப்படும் ஒரு கதைமாந்தர் வகை ஆகும். எந்தப் பொருளைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும் அதில் தமக்கு முழு அறிவு உண்டு என்று நம்புபவரும், கேட்காமலேயே பிறருக்கு விளக்கம் அளிப்பவரும், தவறு சுட்டிக்காட்டப்பட்டாலும் ஒப்புக்கொள்ளாதவரும் இவ்வகையில் அடங்குவர். அறிவு மிகுதியாக இருப்பது இவ்வகையின் இலக்கணம் அன்று. அறிவு இருப்பதாகக் காட்டிக்கொள்வதே இலக்கணம். எனவே விஞ்ஞானி, துப்பறிவாளர், ஆசிரியர் போன்ற கதைமாந்தர்கள் அனைவரையும் இவ்வகையில் சேர்க்க இயலாது. உண்மையிலேயே அறிவுடைய ஒருவர் பிறரால் இவ்வாறு முத்திரை குத்தப்படுவதும் உண்டு. அது தனிச் சிக்கலாகையால் இக்கட்டுரையில் பின்னர் தனியே நோக்கப்படுகிறது.

தமிழ்ப் பேச்சுவழக்கில் இத்தகையோரை மேதாவி, அதிகப்பிரசங்கி, முந்திரிக்கொட்டை என்றெல்லாம் அழைப்பர். இவற்றுள் ஒவ்வொன்றும் வேறு வேறு குறையைச் சுட்டுகின்றது. மேதாவி என்பது புகழ்ச்சொல் ஏளனமாக மாறியது. அதிகப்பிரசங்கி அளவு மீறிப் பேசுபவர். முந்திரிக்கொட்டை கேட்கும் முன்னரே முந்திக்கொள்பவர். கீழே கூறப்படும் கதைமாந்தர்களில் சிலருக்கு மூன்று பெயர்களும் பொருந்தும். சிலருக்கு ஒன்று மட்டுமே பொருந்தும்.

தோற்றுவாய்

இவ்வகை வரைகதைக்கு மிகவும் முற்பட்டது. பண்டைய கிரேக்க இன்பியல் நாடகங்களில், தம்மை உள்ளதை விடப் பெரியவராகக் காட்டிக்கொள்ளும் தற்பெருமைக்காரர் நிலையான பாத்திரமாக இருந்தார். கி.மு. 423 இல் அரங்கேறிய அரிஸ்டாஃபனீசின் மேகங்கள் நாடகத்தில் சாக்ரட்டீஸ் கூடை ஒன்றில் தொங்கியவாறு வானத்தை ஆராய்பவராகக் காட்டப்படுகிறார். தமக்கு எதுவும் தெரியாது என்று கூறியதாகப் புகழ்பெற்ற ஒருவர் மேடையில் எல்லாம் தெரிந்தவராக ஆக்கப்பட்டது வேடிக்கையான முரண் ஆகும்.

பதினாறாம் நூற்றாண்டு முதல் இத்தாலியில் வளர்ந்த கொமெடியா தெல்லார்த்தே என்னும் முகமூடி நாடகத்தில் வரும் டாக்டர், இக்கால வரைகதைப் பாத்திரங்களுக்கு நெருங்கிய முன்னோடி எனலாம். பழமையான பல்கலைக்கழகம் அமைந்த பொலோனியா நகரத்தவராகக் காட்டப்படும் இவர் கறுப்பு அங்கி அணிந்து, தப்பும் தவறுமான இலத்தீனில் முடிவின்றிப் பேசுவார். பிற பாத்திரங்கள் அவரை இழுத்துச் சென்றோ தள்ளிவிட்டோதான் பேச்சை நிறுத்துவர். இந்தத் தள்ளிவிடும் உத்தி, பின்னர் காணப்போவது போல, நான்கு நூற்றாண்டுகள் கழித்தும் மாறவில்லை.

வடிவ அடையாளங்கள்

நாடகத்தில் நேரம் செலவழித்து உணர்த்த வேண்டியதை வரைகதை ஒரே கட்டத்தில் உணர்த்த வேண்டியுள்ளது. அதனால் சில அடையாளங்கள் நிலைபெற்றன. மூக்குக்கண்ணாடி, உயர்த்திய சுட்டுவிரல், கக்கத்தில் புத்தகம், மூடிய கண்கள் ஆகியவை அவற்றுள் சில. மூடிய கண்கள் குறிப்பிடத்தக்கவை. தாம் பேசுவதைக் கேட்பவர் எழுந்து போய்விட்டதைக்கூட இவர் அறியமாட்டார் என்பதை அந்த ஒரு கோடு சொல்லிவிடுகிறது.

உரைக்குமிழும் இதில் பங்கு வகிக்கின்றது. பிற கதைமாந்தர்களின் குமிழ்களில் ஓரிரு சொற்களே இருக்க, இவருடைய குமிழ் கட்டத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு அருகில் நிற்பவரை ஓரத்திற்கு ஒதுக்கிவிடும். வாசகர் படிக்கும் முன்னரே, பார்த்த மாத்திரத்தில் அந்தப் பேச்சின் சுமையை உணர்கிறார். இயங்குபடத்தில் குமிழ் இல்லை. அங்கே இந்தப் பணியைக் குரலும், பேச்சு பாதியில் துண்டிக்கப்படும் நேரமும் செய்கின்றன.

லூசி வான் பெல்ட்

சார்லஸ் எம். சுல்ஸ் வரைந்து 1950 அக்டோபர் 2 முதல் 2000 பெப்ரவரி 13 வரை அமெரிக்க நாளிதழ்களில் வெளிவந்த பீனட்ஸ் தொடரில் லூசி 1952 மார்ச்சில் அறிமுகமானாள். தொடக்கத்தில் அவள் வட்டக் கண்களையுடைய சிறு குழந்தை. அடம்பிடிப்பது மட்டுமே அவளுடைய இயல்பு. அதே ஆண்டில் அவளுடைய தம்பி லைனஸ் அறிமுகமான பின்னரே எல்லாம் தெரிந்தவள் என்னும் பாத்திரத்திற்கு இடம் கிடைத்தது. கேட்பவர் இல்லாமல் இந்த வகை இயங்காது என்பதற்கு இது நல்ல சான்று.

தம்பியை அழைத்துக்கொண்டு நடந்து செல்லும் லூசி, வழியில் காணும் மரம், பறவை, பூச்சி, பனி ஆகிய அனைத்தையும் பற்றி அவனுக்குப் பாடம் நடத்துகிறாள். பாடம் முழுவதும் தவறு. பனி வானத்திலிருந்து விழுவதில்லை, செடியைப் போல நிலத்திலிருந்து முளைத்து மேலே வருகிறது என்பது அவளுடைய கண்டுபிடிப்புகளுள் ஒன்று. லைனஸ் வியந்து கேட்கிறான். அருகில் வரும் சார்லி பிரவுன் திருத்த முயல்கிறான், அவள் அசைவதில்லை. இறுதியில் அவனுக்கு வயிற்றுவலி வந்துவிடுகிறது. 1967 இல் இத்தொடரை அடிப்படையாகக் கொண்டு உருவான இசை நாடகத்தில் இக்காட்சிகள் ஒரு முழுப் பாடலாகவே ஆக்கப்பட்டன.

புகழ்பெற்ற ஒரு துணுக்கில் லூசி தரையில் மஞ்சள் நிறத்தில் ஏதோ கிடப்பதைக் காண்கிறாள். அது பெரிய வண்ணத்துப்பூச்சி என்றும், இந்தப் பருவத்தில் இங்கே காண்பது அரிது என்றும், ஆகவே பிரேசிலிலிருந்து பறந்து வந்திருக்க வேண்டும் என்றும் முடிவு செய்கிறாள். லைனஸ் குனிந்து பார்த்து அது உருளைக்கிழங்கு வறுவல் என்கிறான். லூசியும் பார்த்து அதை ஏற்றுக்கொள்கிறாள். ஆனால் உருளைக்கிழங்கு வறுவல் எப்படிப் பிரேசிலிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது என்று வியக்கிறாள்.

இத்துணுக்கின் நுட்பம் கவனிக்கத்தக்கது. லூசி இங்கே பிடிவாதம் பிடிக்கவில்லை. கண்ணெதிரே உள்ள உண்மையை ஏற்றுக்கொண்டு விடுகிறாள். ஆனால் அந்தப் பொருள் வண்ணத்துப்பூச்சி என்ற ஊகத்தின் மேல் கட்டிய பிரேசில் என்னும் முடிவை மட்டும் அவள் இடிக்கவில்லை. அடித்தளம் போன பின்னும் மாடி அந்தரத்தில் நிற்கிறது. தவறான செய்திகள் மறுக்கப்பட்ட பின்னரும் அவற்றிலிருந்து பிறந்த முடிவுகள் மனத்தில் தங்கிவிடுவதை இதைவிடச் சுருக்கமாக விளக்கிய பாடநூல் உண்டா என்பது ஐயமே.

1959 மார்ச்சு மாதத்தில் லூசி தன் மனநல ஆலோசனைக் கடையைத் திறந்தாள். ஐந்து சென்ட் கட்டணம். சிறுவர்கள் எலுமிச்சைச் சாறு விற்பதற்காக வீதியோரத்தில் போடும் கடையின் வடிவத்தில் இது அமைந்திருந்தது. சார்லி பிரவுன் தன் துயரங்களைச் சொல்ல, அவள் ஒற்றை வரியில் தீர்ப்பு வழங்கிவிட்டுக் காசு கேட்பாள். அவளால் பயன் எதுவும் இல்லை என்பதை நன்கு அறிந்தும் அவன் மீண்டும் மீண்டும் வருகிறான். எல்லாம் தெரிந்தவரிடம் மனிதர்கள் எதிர்பார்ப்பது சரியான விடையை அன்று, உறுதியான குரலை என்று சுல்ஸ் கருதியிருக்கக் கூடும்.

தம்பி லைனஸ் வளர்ந்து தொடரின் சிந்தனையாளன் ஆனான். 1965 டிசம்பர் 9 அன்று ஒளிபரப்பான கிறித்துமசு சிறப்பு இயங்குபடத்தில் லூக்கா நற்செய்திப் பகுதியை மேடையில் நின்று மனப்பாடமாகச் சொல்பவன் அவனே. எனினும் அவனும் முற்றிலும் தப்பிக்கவில்லை. ஆண்டுதோறும் பெரும் பூசணிக்காய் என்றொன்று வயலிலிருந்து எழுந்து வரும் என்று நம்பிக் காத்திருப்பதுடன் பிறருக்கும் அதைப் போதிக்கிறான்.

கால்வினின் தந்தை

பில் வாட்டர்சன் உருவாக்கிய கால்வின் அண்ட் ஹாப்ஸ் (1985 நவம்பர் 18 – 1995 டிசம்பர் 31) தொடரில் ஆறு வயதுச் சிறுவன் கால்வினின் தந்தைக்குப் பெயர் கிடையாது. அவர் காப்புரிமை வழக்கறிஞர். வாட்டர்சனின் தந்தையும் அத்தொழிலைச் செய்தவரே. மகன் கேட்கும் அறிவியல் கேள்விகளுக்கு முகத்தில் எந்த மாற்றமும் இன்றிப் பொய் சொல்வது இவருடைய வழக்கம். லூசிக்குத் தான் கூறுவது தவறென்று தெரியாது. இவருக்கு நன்றாகத் தெரியும். அவ்வகையில் இவர் எல்லாம் தெரிந்தவர் வகையையே பகடி செய்பவர் ஆகிறார்.

பழைய ஒளிப்படங்கள் ஏன் கறுப்பு வெள்ளையாக உள்ளன என்று கால்வின் கேட்கிறான். அவை வண்ணப்படங்களே, அக்காலத்தில் உலகம்தான் கறுப்பு வெள்ளையாக இருந்தது, 1930களில்தான் உலகிற்கு வண்ணம் வந்தது என்கிறார் தந்தை. அப்படியானால் பழைய ஓவியங்கள் வண்ணத்தில் உள்ளனவே என்று மகன் மடக்குகிறான். பெரிய ஓவியர்கள் பலர் பித்துப் பிடித்தவர்கள் என்பது விடை. அவர்களுடைய வண்ணக் குழம்பும் சாம்பல் நிறமாகத்தானே இருந்திருக்கும் என்று கேட்டால், ஆம், உலகத்தோடு சேர்ந்து அதுவும் 1930களில் நிறம் மாறிவிட்டது என்கிறார். ஒளிப்படங்கள் மட்டும் ஏன் மாறவில்லை என்றால், அவை கறுப்பு வெள்ளை உலகை எடுத்த வண்ணப்படங்கள் அல்லவா என்று முதல் விடைக்கே திரும்பிவிடுகிறார்.

சிறுவனின் கேள்விகள் அனைத்தும் சரியானவை. ஒரு கருதுகோளை எப்படிச் சோதிக்க வேண்டுமோ அப்படியே சோதிக்கிறான். ஆயினும் தோற்கிறான். ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு துணைக் காரணத்தைச் சேர்த்துக்கொண்டே போனால் எந்தக் கோட்பாட்டையும் வீழ்த்த இயலாது என்னும் அறிவியல் மெய்யியல் சிக்கல், எட்டு ஒன்பது கட்டங்களில் அடங்கிவிடுகிறது.

பாலத்தின் எடைத் தாங்குதிறன் பற்றிய துணுக்கு பொறியியல் மாணவர்களிடையே பெரிதும் பேசப்படுவது. பாலத்தின் மேல் மேலும் மேலும் கனமான சரக்குந்துகளை ஓட்டிச் செல்வார்கள். பாலம் உடைந்ததும் கடைசி வண்டியை எடை போட்டுவிட்டு, பாலத்தை முன்பிருந்தபடியே மீண்டும் கட்டுவார்கள் என்பது தந்தையின் விளக்கம். உண்மையில் தாங்குதிறன் வடிவமைப்பின்போதே பொருள்களின் வலிமை, எதிர்பார்க்கும் சுமை, பாதுகாப்புக் காரணி ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. எனினும் உடையும் வரை சுமையேற்றிப் பார்ப்பது மாதிரித் துண்டுகளுக்கு ஆய்வகங்களில் நாள்தோறும் நடப்பதுதான். ஆகவே தந்தையின் பொய்யில் கால் பங்கு உண்மை கலந்துள்ளது. அதனாலேயே அது எளிதில் நம்பத்தக்கதாகிறது.

கண்ணாடி ஸ்மர்ஃப்

பேயோ என்னும் புனைபெயர் கொண்ட பெல்ஜிய ஓவியர் பியேர் குலிஃபோர் (1928–1992) உருவாக்கிய நீலநிறக் குள்ளர்களான ஸ்மர்ஃபுகள், 1958 அக்டோபரில் ஸ்பிரூ வார இதழில் வேறொரு தொடரின் துணைப் பாத்திரங்களாக முதலில் தோன்றினர். இவர்களுள் மூக்குக்கண்ணாடி அணிந்தவனுக்குப் பிரெஞ்சு மூலத்தில் கண்ணாடி ஸ்மர்ஃப் என்பதே பெயர். ஆங்கிலத்தில் அவன் பெயர் மூளைக்கார ஸ்மர்ஃப் என்னும் பொருள்பட மாற்றப்பட்டது. மூலப்பெயரே பொருத்தமானது எனலாம். ஏனெனில் அவனிடம் கண்ணாடி இருப்பது உறுதி. மூளை இருப்பதற்குக் கதைகளில் போதிய சான்று இல்லை.

லூசியைப் போல இவன் சொந்தமாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. தலைவரான பெரிய ஸ்மர்ஃப் சொன்னதையே திருப்பிச் சொல்கிறான். பிறர் வேலை செய்யும்போது அருகில் நின்று தலைவர் இப்படித்தான் சொல்வார் என்று நினைவூட்டுகிறான்; பின்னர் தலைவரிடம் சென்று கோள் மூட்டுகிறான். அறிவு அவனுக்கு அதிகாரத்தின் நிழலில் நிற்பதற்கான வழி. வகுப்பறையில் பயின்ற எவருக்கும் இவனை அடையாளம் காண்பதில் தடை இராது.

வரைகதையில் இவனுடைய பேச்சு பெரும்பாலும் தலையில் விழும் மரச்சுத்தியல் அடியுடன் முடிகிறது. ஹன்னா-பார்பெரா நிறுவனம் தயாரித்து 1981 முதல் 1989 வரை அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான இயங்குபடத் தொடரில், அவன் ஊருக்கு வெளியே தூக்கி எறியப்பட்டுத் தலைகீழாக விழுவது வாடிக்கையானது. அத்தொடரில் அவனுக்குக் குரல் கொடுத்தவர் டேனி கோல்ட்மன். தூக்கி எறியப்பட்ட பின்னரும் தரையில் கிடந்தவாறு பேச்சைத் தொடர்வதே இதில் நகைச்சுவை.

இதில் மனத்தை உறுத்தும் ஒன்றும் உள்ளது. ஓர் ஊரே சேர்ந்து ஒருவனை அடிக்கிறது. அவன் எரிச்சலூட்டுபவன் என்பதைத் தவிர வேறு குற்றம் இல்லை. சில வேளைகளில் அவன் சொல்வது சரியாகவும் இருக்கிறது. பார்ப்பவர்கள் சிறுவர்கள். கண்ணாடி அணிந்து, புத்தகத்துடன் திரிந்து, ஆசிரியரை மேற்கோள் காட்டும் பிள்ளை அடிவாங்கத் தக்கவன் என்னும் பாடம் அவர்களுக்குச் சேர்ந்தே சென்றிருக்க வாய்ப்புண்டு. பேயோவின் கதைகளில் சினம் தற்பெருமையின் மீதுதான். ஆனால் படத்தில் தெரிவது கண்ணாடி.

மன்னர் ஸ்மர்ஃப் கதை இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கது. 1960களின் நடுப்பகுதியில் வெளிவந்த மூல வரைகதையில், தலைவர் ஊரில் இல்லாதபோது தேர்தல் வாக்குறுதிகளால் வென்று மன்னனாகிக் கொடுங்கோலனாக மாறுபவன் பெயரற்ற ஒரு சாதாரண ஸ்மர்ஃப். இயங்குபடத்திலோ அந்த இடம் கண்ணாடி ஸ்மர்ஃபுக்கு அளிக்கப்பட்டது. நம்முள் எவரும் கொடுங்கோலர் ஆகலாம் என்ற கதை, எல்லாம் தெரிந்தவனிடம் அதிகாரம் சென்றால் ஆபத்து என்ற கதையாகச் சுருங்கிவிட்டது.

வைல் ஈ. கொயோட்டியும் பிறரும்

சக் ஜோன்சு இயக்கத்தில் 1949 இல் தோன்றிய கொயோட்டி (வட அமெரிக்க ஓநாய் வகை), ரோட் ரன்னர் பறவையைத் துரத்தும் படங்களில் வாய் திறப்பதில்லை. ஆனால் பக்ஸ் பன்னி முயலுடன் மோதும் 1952 ஆம் ஆண்டுப் படத்தில் மெல் பிளாங்கின் பண்பட்ட குரலில் பேசுகிறது. முயலின் வளைக்கு வெளியே ஒரு கதவைக் கொண்டுவந்து நிறுத்தித் தட்டி, தான் ஒரு மேதை என்று அறிவிக்கும் முகவரி அட்டையை நீட்டுகிறது. தான் மேதை, நீ வெறும் முயல், ஆகவே நீ அமைதியாக உணவாகிவிடுவதே அறிவுடைமை என்பது அதன் வாதம். வெடிமருந்து நிரப்பிய கேரட்டுகள் தன் மீதே வெடித்த பின், படத்தின் முடிவில் மீண்டும் அதே கதவைத் தட்டித் தன் பெயர் சேறு என்று அறிமுகம் செய்துகொண்டு சாய்கிறது. மதிப்பிழந்தவரைச் சேறு என்பது ஆங்கில வழக்கு. தோல்வியை வாய்விட்டு ஒப்புக்கொள்ளும் எல்லாம் தெரிந்தவர் அரிது.

ஜே வார்ட் தயாரித்த ராக்கி, புல்விங்கிள் நிகழ்ச்சியில் (1959–1964) புல்விங்கிள் என்னும் கடமான், எல்லாம் தெரிந்தவர் என்னும் பெயரிலேயே நேயர்களுக்குச் செய்முறை விளக்கம் அளிக்கும் தனிப் பகுதி இருந்தது. செய்முறை ஒன்றுகூட உருப்படியாக முடிந்ததில்லை. 1961 இல் டிஸ்னி தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அறிமுகமான லுட்விக் வான் டிரேக் என்னும் வாத்துப் பேராசிரியரும் இவ்வரிசையில் வருபவர். ஆனால் அவருக்கு உண்மையிலேயே ஓரளவு படிப்பு உண்டு, மறதியும் உண்டு. ஏ. ஏ. மில்னின் 1926 ஆம் ஆண்டு நூலிலிருந்து டிஸ்னி படங்களுக்கு வந்த ஆந்தை, காட்டின் அறிஞராகப் போற்றப்பட்டாலும் தன் பெயரையே எழுத்து மாற்றித்தான் எழுதும். அதே டிஸ்னி உலகில் கார்ல் பார்க்ஸ், டொனால்ட் வாத்தின் மூன்று மருமகன்களிடம் எல்லாம் அடங்கிய ஒரு சாரணர் கையேட்டைக் கொடுத்தார். விடை கையேட்டில் இருப்பதால் பிள்ளைகளுக்குத் தலைக்கனம் இல்லை. தேடிப் படிக்கும் பழக்கம் மட்டுமே உண்டு.

லிசா சிம்ப்சன்: உண்மையில் தெரிந்தவர்

1989 டிசம்பரில் தொடங்கிய த சிம்ப்சன்ஸ் இயங்குபடத் தொடரில் எட்டு வயதான லிசா குடும்பத்தில் அனைவரையும்விட அறிவுடையவள். யார்ட்லி ஸ்மித் குரல் கொடுக்கும் இப்பாத்திரத்தை ஊரார் லூசியைப் பார்ப்பது போலவே பார்க்கின்றனர். ஆனால் அவள் சொல்வது பெரும்பாலும் சரி.

1996 பெப்ரவரி 18 அன்று ஒளிபரப்பான கதையில், ஊரை நிறுவியவராகப் போற்றப்படும் ஜெபடையா ஸ்பிரிங்ஃபீல்ட் உண்மையில் கடற்கொள்ளையர் என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலத்தை, அவருடைய குழலுக்குள் மறைத்து வைக்கப்பட்ட நிலையில் லிசா கண்டெடுக்கிறாள். பள்ளியில் அதை எழுதியதற்கு அவளுக்குத் தோல்வி மதிப்பெண் கிடைக்கிறது. ஊரின் அருங்காட்சியகப் பொறுப்பாளர் ஆவணத்தைப் போலி என்கிறார். இறுதியில் அவள் சொன்னதே சரியென்று அவர் ஒப்புக்கொண்ட பின், இருநூறாம் ஆண்டு விழா மேடையில் ஊர் முழுவதும் அவளுடைய பேச்சுக்காகக் காத்திருக்கிறது. அந்த மக்கள் ஒரு நாளேனும் நல்லவர்களாக இருக்க அந்தப் பொய் உதவியதைக் கண்டு, அவள் உண்மையைச் சொல்லாமல் இறங்கிவிடுகிறாள்.

இம்முடிவு சரிதானா என்பது விவாதத்திற்குரியது. அறிவைக் காட்டிலும் பரிவு பெரிது என்று இதைப் பாராட்டலாம். சான்றுடன் பேசும் ஒரு சிறுமி வாய் மூடிக்கொண்ட பின்னரே ஊரார்க்கு இனியவள் ஆகிறாள் என்றும் இதைப் படிக்கலாம். எல்லாம் தெரிந்தவர் வகையில் பெண் பாத்திரங்களுக்கு இச்சிக்கல் கூடுதலாக உண்டு. டெக்ஸ்டர் போன்ற சிறுவன் ஆய்வகம் வைத்திருந்தால் மேதை எனப்படுகிறான். சிறுமி கை உயர்த்தினால் வாயாடி எனப்படுகிறாள்.

அதே தொடரின் வரைகதைக் கடைக்காரர் இதற்கு நேர் எதிர். 1991 இல் அறிமுகமான இவருக்கு ஹாங்க் அசாரியா குரல் கொடுக்கிறார். ஜெஃப் ஆல்பர்ட்சன் என்னும் பெயர் 2005 இல்தான் வெளிப்படுத்தப்பட்டது. இவருக்கும் உண்மையிலேயே நிறையத் தெரியும், ஆனால் வரைகதைகளையும் தொலைக்காட்சித் தொடர்களையும் பற்றி மட்டும். 1997 இல் வந்த ஒரு கதையில், தமக்குப் பிடித்த நிகழ்ச்சியின் ஒரு பகுதியை இதுவரை வந்தவற்றுள் மிக மோசமானது என்று இவர் தீர்ப்பளிக்கிறார். ஆயிரக்கணக்கான மணி நேரம் இலவசமாகப் பொழுதுபோக்கு அளித்தவர்கள் உங்களுக்கு இன்னும் என்ன கடன்பட்டுள்ளனர் என்று சிறுவன் பார்ட் கேட்கிறான். இணையத்தில் தங்கள் தொடரை ஒவ்வொரு வாரமும் பிரித்து மேய்ந்த நேயர்களுக்கு எழுத்தாளர்கள் அளித்த விடையாக இக்காட்சி கொள்ளப்படுகிறது. அந்த நேயர்களோ கடைக்காரரின் தீர்ப்பு வாசகத்தையே தங்கள் அன்றாட வழக்கில் சேர்த்துக்கொண்டு விமர்சனத்தைத் தொடர்ந்தனர்.